தூலியாவுக்கு அப்பால் ஓர் அடக்கம்

எண்பதுகளில் சேலத்திலிருந்து இந்தூருக்கு ஜவ்வரிசி ஏற்றிப் போகும் லாரி ஒன்றில் நானும் பாயும் டிரைவர்கள். லாரிப் பேட்டையில் எங்களை மலைக்காரர்கள் என்பார்கள். அவர் ஏற்காடு பஜாரைச் சேர்ந்தவர். குடும்பத்துக்கு ஒரு மளிகைக் கடை இருந்தது, அதை அண்ணன்மார் பார்த்துக்கொண்டார்கள். கடையில் தனக்கு இடமில்லை என்று தெரிந்ததும் இவர் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டார். நான் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டின் லைன் வீட்டில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் பழம் பறித்தார்கள், நான் எஸ்டேட் டிராக்டரில் வண்டி பழகினேன்.

ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பின்னால் பலகையில் படுத்துத் தூங்குவோம். இப்படி வருடக்கணக்கில் ஒரே கேபினுக்குள் வாழ்ந்தும், இருவரும் சேர்ந்தாற்போல விழித்திருந்த நேரம் குறைவு. நான் உட்காரும்போது சீட்டில் அவருடைய உடம்புச் சூடு இருக்கும். மதியம் ஏதாவது புளியமரத்தடியில் ஸ்டவ் பற்றவைத்துச் சோறு பொங்குகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் பேச்சு. பம்புசெட் கண்ட இடத்தில் குளியல். தார்ப்பாய் ஓரத்தில் காயும் லுங்கி. ஊரில் ஒரு பண்டிகை, ஒரு சாவு, பிள்ளைக்கு ஒரு காய்ச்சல், எல்லாம் முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியவரும்.

கர்நாடகம் தாண்டிவிட்டால் எனக்கு வாய் கிடையாது. பாய் மட்டும் எப்படியோ இந்தி கற்றிருந்தார். செக்போஸ்ட்டில், பஞ்சர் கடையில், டாபாவில், இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே பேசுவார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன்.

அது சித்திரை கடைசி. மகாராஷ்டிரத்தில் தூலியாவைத் தாண்டி மலை ஏறுவதற்கு முன்னால் ஒரு நீண்ட வெட்டவெளி ரோடு உண்டு. இரண்டு பக்கமும் உழுதுபோட்ட கரிசல். நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். காலையிலிருந்தே பாய் வாயு பிடித்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தார். வழியில் சோடா வாங்கிக் குடித்தார். பிறகு பலகையிலிருந்து எழுந்து என் பக்கத்து சீட்டுக்கு வந்தார்.

"மாப்ள, கொஞ்சம் ஓரமா நிறுத்து" என்றார்.

நிறுத்தினேன். தானாகவே இறங்கி, லாரி நிழலில் பின்சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். சட்டை தண்ணீரில் முக்கி எடுத்ததுபோல் நனைந்திருந்தது.

"என்ன பண்ணுதுங்க பாய்?"

"நெஞ்சு மேல மூட்டைய வெச்ச மாதிரி இருக்குது. நொம்ப பாரமா இருக்குது. தண்ணி குடு."

ஒரு வாய்தான் குடித்தார். மீதி தாடியில் வழிந்தது. அவரைத் தூக்கிக் கேபினில் ஏற்றுவதற்குள் எனக்கு மூச்சு முட்டிவிட்டது. அடுத்த ஊர் வரைக்கும் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அரசு ஆஸ்பத்திரியின் வாசல் லோடு லாரி நுழைகிற அளவுக்கு இல்லை. ரோட்டிலேயே வண்டியை விட்டுவிட்டு அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். டாக்டர் இருந்தார், உடனே பார்த்தார், ஊசி போட்டார். என்னென்னவோ செய்தார்கள். அந்த ஊசிக்கு மேல் பாய் இல்லை.

டாக்டர் என்னிடம் இந்தியில் ஏதோ கேட்டார். நான் திரும்பி பாயைப் பார்த்தேன். யாராவது கேட்டால் அவரைப் பார்ப்பதுதான் என் வழக்கம்.

தபால் ஆபீசிலிருந்து டிரங்க் கால் போட்டேன். ஏற்காட்டில் அவர் அண்ணன் கடைக்கு லைன் கிடைக்கவே இல்லை. சேலத்தில் லாரி முதலாளி கிடைத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"இந்த வெயில்ல எப்படிப்பா அவ்வளவு தூரம் கொண்டாருவே?" என்றார். "அங்கயே பள்ளிவாசல்ல சொல்லி நல்லபடியா அடக்கம் பண்ணிடு. அவங்க ஊட்டுக்கு நான் ஆள் அனுப்பறேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. லாரியின் இரும்பைத் தொட்டால் கை கொப்பளிக்கிற வெயில் அது. ஆனாலும், பாயுடைய மனைவியோ மகளோ அண்ணனோ ஒரு வார்த்தை சொல்லாமல், எந்த உறவும் இல்லாத நான் மட்டும் தலையாட்டி முடிந்துபோன காரியம் அது.

டீக்கடைக்காரர் ஒருவர் வழி காட்ட, பள்ளிவாசலில் ஒரு பெரியவரைப் போய்ப் பார்த்தேன். "மேரா பாய்" என்று, என் சகோதரன் என்கிற அர்த்தத்தில், இரண்டு வார்த்தை சொன்னேன். அதற்கு மேல் சைகைதான். அவர் என் தோளைத் தட்டி உட்காரவைத்தார். ஆட்களும், உடலைச் சுமக்கும் சந்தூக்கும் வந்தன. முன்பின் தெரியாதவர்கள் பாயைக் குளிப்பாட்டினார்கள், புதுத் துணி கட்டினார்கள். நடுவில் பெரியவர் வந்து பாயின் பெயரைக் கேட்டார், சொன்னேன். அவருடைய தகப்பனார் பெயரைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கேள்விதான் எனக்குப் புரியவில்லை என்று நினைத்து, பெரியவர் மறுபடி நிதானமாகக் கேட்டார். தெரியாது என்று கையை விரித்தேன்.

தொழுகையின்போது ஓரமாக நின்றேன். குழிக்கருகே போனதும் பெரியவர் என் கையைப் பிடித்து இழுத்து, மண் போடச் சொன்னார். போட்டேன். அந்த மண் எங்கள் மலை மண் மாதிரி ஈரமாகக் கையில் ஒட்டவில்லை. பொடியாகச் சரிந்து போனது.

ஜவ்வரிசி இன்னும் லாரியில் இருந்தது. மறுநாள் நான் ஒருவனே மலை ஏறினேன். இந்தூரில் இறக்கி, திரும்புவதற்கு லோடு கிடைக்கும்வரை காத்துக்கிடந்து, அதையும் ஒற்றை ஆளாகவே ஓட்டி வந்தேன். ஸ்டவ்வைப் பற்றவைக்கவே இல்லை. கண் சொருகும்போதெல்லாம் ஓரம்கட்டி முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டேன். பின்னால் பலகையில் அவர் தூங்குகிறார் என்று ஒரு நினைப்பு வரும். அது கலைகிறபோது, ரோட்டைப் பார்க்கவே பிடிக்காமல் போகும்.

சேலத்தில் வண்டியை விட்டுவிட்டு, அவருடைய பையை எடுத்துக்கொண்டு ஏற்காடு பஸ்ஸில் ஏறினேன். சேர்வராயன் கோயில் திருவிழாச் சமயம். பஸ் முழுக்கக் கூட்டம், குழந்தைகள், பூ வாசம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஜனம் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்துக்கொண்டு வந்தது. நான் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் மனைவியை நான் அக்கா என்பேன். எத்தனையோ முறை கையால் சோறு போட்டிருக்கிறார். இப்போது, கணவன் இறந்தபின் அனுசரிக்கும் இத்தாவில் இருந்ததால் என் முன்னால் வரக் கூடாது. நடுவில் தொங்கிய ஒரு சீலைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வந்தது. இந்தப் பக்கம் அவருடைய அண்ணன், பாயின் மச்சான், நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஐஸ் வெச்சாவது கொண்டாந்திருக்கலாமில்லீங்க?" என்றார் அவர். "மொகத்தைக்கூடப் பாக்க முடியாமப் பண்ணிட்டீங்களே."

சீலைக்குப் பின்னாலிருந்து, "அவரை ஒண்ணும் சொல்லாதீங்கண்ணா" என்று அக்காவின் குரல் கேட்டது. பிறகு, "கடைசியா என்ன தம்பி சொன்னாரு?"

ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸிலேயே நினைத்திருந்தேன். வாயில் வரவில்லை. "தண்ணி கேட்டாருங்க்கா. குடுத்தேன்."

"எங்களைப் பத்தி ஒண்ணும் கேக்கலையா?"

"பேச முடியலைங்க்கா."

"அங்க அவரோட அத்தா பேரைக் கேட்டிருப்பாங்களே. என்னன்னு சொன்னீங்க?"

"தெரியலைன்னு சொன்னேனுங்க்கா."

அவர் அந்தப் பெயரைச் சொன்னார். மெதுவாக, பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல. அப்போதுதான் முதல்முறையாக அதைக் கேட்டேன்.

நாகலூருக்குப் போனதும் என் மனைவி, "இனி இந்தப் பொழப்பு வேண்டாமுங்க" என்றாள். கணக்கெழுதும் ரைட்டரிடம் சொல்லி எஸ்டேட்டில் வேலைக்குப் போனேன். கிளை கழிக்கும் கவாத்துக் கத்தி என் கைக்கு வரவில்லை. லைன் வீட்டுக்குள் படுத்தால் தூக்கமும் வரவில்லை. பழம் பறிக்கும் காலம் முடிவதற்குள் மறுபடி பேட்டைக்குப் போய்விட்டேன். அதே லாரி, அதே ஜவ்வரிசி, வேறொரு டிரைவர். அவள் தடுக்கவில்லை. அந்த வேலையைப் பற்றி என்னிடம் பேசுவதையே விட்டுவிட்டாள்.

ஒவ்வொரு முறை மலைக்கு வரும்போதும் அக்கா கேட்பார். "அந்தப் பக்கம் போனீங்களா தம்பி? கபரைப் பாத்தீங்களா?" மச்சான் ஒரு தடவை அவரை ரயிலில் கூட்டிப் போவதாகச் சொன்னார். அது நடக்கவில்லை. நான் அந்த ஊரைக் கடக்கும்போதெல்லாம் லோடு அவசரம், அல்லது கூட இருப்பவன் நிறுத்த விடமாட்டான்.

சில வருடம் கழித்து ஒரு மழைக்காலத்தில்தான் இறங்கினேன். அந்தப் பெரியவர் இறந்துவிட்டிருந்தார். பள்ளிவாசலில் இருந்த இளைஞருக்கு ஒன்றும் தெரியவில்லை, இடுகாட்டுச் சாவியை மட்டும் கொடுத்தார். உள்ளே இடுப்பளவு புல். மழையில் மேடுகள் கரைந்து தரையோடு தரையாக இருந்தன. சுவரோரம் ஒரு வேப்பமரம் இருந்ததாக ஞாபகம். அங்கே இப்போது மூன்று வேப்பமரங்கள். எதன் பக்கத்தில் நிற்பது என்று தெரியாமல் நடுவில் நின்றேன். வெளியே லாரியிலிருந்து கூட வந்தவன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

ஊருக்கு வந்ததும் அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் அப்போது காப்பிக் கொட்டை பொறுக்குகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மகளையும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தித் தன்னோடு கூட்டிப் போகத் தொடங்கியிருந்தார். வாசற்படியில் நின்று முழுவதும் கேட்டார்.

"ஒரு அடையாளமும் இல்லீங்களா?"

"இல்லீங்க்கா."

"செரீங்க தம்பி" என்றார். காப்பி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு அவர் அந்த ஊரைப் பற்றி என்னிடம் கேட்கவே இல்லை. பஜாரில் எதிர்ப்பட்டால் தலையசைப்பார். நானும் தலையசைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி நடப்பேன்.