பல்லில்லாத வாயிலிருந்து விழுந்த புழு

தனக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு என்று என் மாமனார் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. தென்காசியில் கொஞ்சம் வயலும் ஒரு தோப்பும் இருந்தால் போதும், வைத்தியமும் சட்டமும் மனிதனுக்குத் தானாக வந்துவிடும் போலிருக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், என் மூத்தவனை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தபோது எனக்கு ஈறு வீங்கியது. பல் விளக்கினால் ரத்தம். சோற்றை மென்றால் வலி. மாமியாரிடம் சொன்னேன். அவர் போய் மாமாவிடம் சொன்னார்.

“எப்பப் பாரு மாங்காயாத் தின்னுதா, பின்ன என்ன செய்யும்? செங்கப்பொடி வச்சு அழுத்தித் தேய்க்கச் சொல்லு” என்றார் மாமா.

செங்கலைப் பொடித்துத் தேய்த்தேன். ஈறு கிழிந்து புண்ணானது. “ஒழுங்காத் தேய்க்கத் தெரியலை அவளுக்கு” என்று அதற்கும் ஒரு தீர்ப்பு வந்தது.

அது சாரல் சமயம். மாமா தினமும் வில்வண்டி கட்டிக் குற்றாலத்துக்குக் குளிக்கப் போவார். ஒருநாள் அருவிக்கரையில் கடை விரித்திருந்த ஒரு வைத்தியனைக் கையோடு கூட்டிவந்தார். கழுத்து நிறைய மணிமாலை, மேலெல்லாம் கற்பூர வாடை. என் வாயைப் பார்க்காமலே, “புழுதான்” என்றான்.

சட்டியில் தணலை வைத்துக் கண்டங்கத்திரி விதையைத் தூவினான். ஒரு பப்பாளிக் காம்பு வழியாகப் புகையை என் வாய்க்குள் விட்டான். இருமி இருமி எனக்கு வயிறு இறுகியது. முன்னால் இருந்த தண்ணீர்க் கிண்ணத்தில் வெள்ளை வெள்ளையாகப் புழு மிதந்தது. காம்பைத் திருப்பும் சாக்கில் அவனுடைய இடது கை அந்தக் கிண்ணத்துக்கு மேல் போனதை நான் பார்த்திருந்தேன். என் வீட்டுக்காரரும் பார்த்திருப்பார். ஆனால் தகப்பனார் முன்னால் வாய் திறக்கிற ஆம்பிளையா அவர்? கதவோரம் தூணோடு தூணாக நின்றார்.

“மாமாவுக்கும் ஈறு வலிக்குன்னு அத்தை சொன்னாக. அவுகளுக்கும் புகை போடுங்க” என்றேன்.

இன்னொரு கூலி கிடைக்கும் என்றதும் வைத்தியனுக்கு முகம் மலர்ந்தது. பெரிய மீசைக்குள் இருந்த வாயை அவன் எங்கே பார்த்தான்? துண்டால் மாமாவின் தலையை மூடிப் புகையை விட்டான். கிண்ணத்தில் என்னுடையதைவிடக் கொழுத்த புழுக்கள்.

“எல்லாம் கடைவாய்ப் பல்லுல இருந்து வந்தது, அண்ணாச்சி!”

மாமியார் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார். மாமாவுக்குக் கடைசிப் பல்லும் விழுந்து வருஷக்கணக்காகிறது. துண்டை எடுத்ததும் அந்தப் பொக்கைவாயைப் பார்த்து வைத்தியன் விழித்தான். மாமாவோ கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “பாத்தியாட்டி! பல்லு போன பெறவும் எவ்வளவு கெடந்திருக்கு!” என்று பெருமையோடு அவனுக்குக் கூலியும் ஒரு வேட்டியும் கொடுத்தனுப்பினார்.

பிரசவத்துக்கு இலஞ்சியில் அம்மா வீட்டுக்குப் போனபோது அம்மா என்னை ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினாள். “சூலியா இருக்கும்போது பலருக்கு ஈறு வீங்கும். செங்கப்பொடியைத் தூரப் போடு. மெதுவா விளக்கு, வெதுவெதுப்பான உப்புத்தண்ணியில கொப்பளி. பிள்ளை பெறந்ததும் அடங்கிரும்” என்றார். அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக வலி குறைந்தது. பிள்ளை பிறந்து சில வாரங்களில் சுத்தமாக நின்றது.

குழந்தையைப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மாமா, “நான் புகை போட்டதுலதான் அவளுக்கு ஈறு ஆறுச்சு” என்றார். அந்த மண்டைக்குள் எதைப் போட்டு என்ன பயன்? அடுத்த பிள்ளைக்கும் எனக்கு ஈறு வீங்கியது. வீட்டில் ஒருவரிடமும் மூச்சு விடாமல் உப்புத்தண்ணீரைக் கொப்பளித்துக்கொண்டேன்.