இரண்டாவது பிரேக்

யார் ஓட்டும் வண்டியானாலும் சரி, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துவிட்டால் என் அண்ணியின் கால் தரையை அழுத்த ஆரம்பித்துவிடும். டாக்ஸியிலும் அப்படித்தான், எதிர் வீட்டுக்காரர் ஆசையாக வாங்கிய புதுக் காரிலும் அப்படித்தான். ஒரு டாக்ஸிக்காரர் பொறுக்க முடியாமல், "அம்மா, தரை ஓட்டையாயிடும்" என்றே சொல்லிவிட்டார். அண்ணி சிரிக்கவில்லை. முன்னால் போகும் பஸ்ஸுக்கு இன்னும் கொஞ்சம் இடைவெளி விடச் சொன்னாள்.

தொழில் அப்படி. அண்ணன் ஆரம்பித்த டிரைவிங் ஸ்கூல் அது. எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரே ஓர் அறை. கண்ணாடிக் கதவு, சாலைக் குறிகள் வரைந்த பலகை, அதில் ஒட்டி நகர்த்திக் காட்டக் காந்தம் வைத்த பொம்மைக் கார்கள், வாசலில் இரண்டு நிஜக் கார்கள். நெஞ்சுவலி வந்து அண்ணன் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தான். அதுவரை போன் எடுத்துக்கொண்டிருந்த அண்ணி வண்டிக்குப் போனாள். கல்யாணமே வேண்டாம் என்று சுற்றிக்கொண்டிருந்த நான் போனுக்கு வந்தேன். அன்று முதல் நாங்கள் இருவரும் ஒரே அடுப்பு, ஒரே அலுவலகம். சண்டைக்கும் குறைவில்லை.

எங்கள் கார்களில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அண்ணி அதை லேசில் தொட மாட்டாள். தொட்டுவிட்டால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். "நான் ஏன் பிரேக் போட்டேன்?" என்று கேட்பாள். சரியான காரணத்தைச் சொல்லாமல் வண்டியை எடுக்க விடமாட்டாள். பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடித்தே செத்தாலும் அவளுக்குக் கவலையில்லை. ஒரு பேங்க் மேனேஜர் காரணம் தெரியாமல் சந்தியின் நடுவில் பேந்தப் பேந்த விழித்ததை நானே பார்த்திருக்கிறேன். மாணவர்கள் அவள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் பிரேக் மேடம். முன்னால் சொல்ல எவனுக்கும் தைரியம் கிடையாது.

அவளுக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டு பேருக்கும் அவளே ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். பெரியவன் காரோடு நிற்காமல் லாரி லைசன்ஸும் எடுத்தான். அந்தச் சமயத்தில்தான் போர் வந்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரை முற்றுகை போட்டிருந்தார்கள். உள்ளே மாவு இல்லை, மருந்து இல்லை, குழந்தைகள் சாகின்றன என்று தினமும் டிவியில் காட்டினார்கள். படை அனுப்புவதாக நம் அரசாங்கம் சொன்னதும் நாடே இரண்டுபட்டது, எங்கள் சமையலறையும் சேர்ந்து. போகத்தான் வேண்டும் என்றேன் நான். பசிக்காக ஒன்றும் போகவில்லை, தேர்தலுக்காகப் போகிறார்கள், போனால் திரும்பி வர மாட்டார்கள் என்றாள் அண்ணி. இப்போது யோசித்தால் இரண்டு பேர் சொன்னதும் நடந்தது. ஊர் திறந்தது. போன படை இன்றுவரை முழுசாகத் திரும்பவில்லை. இங்கே பாதி கட்டிய ஆஸ்பத்திரிக் கட்டடம், காசெல்லாம் போருக்குப் போனதால், அப்படியே நிற்கிறது. படையில் போய்ச் செத்த நம் பிள்ளைகளின் பெயர்களைச் சுவரில் செதுக்கி, இடம் போதாமல் இன்னொரு சுவர் கட்டினார்கள்.

பெரியவன் தானாகத்தான் போனான். "லாரி இருக்கும்மா, ஓட்டத்தான் ஆள் இல்லை. எனக்கு ஓட்டத் தெரியும்ல?" என்றான். அதற்கு அவளால் என்ன பதில் சொல்ல முடியும்? கற்றுக்கொடுத்தவளே அவள்தானே. முறைத்தாள், பட்டினி கிடந்தாள், கடைசியில் அவளே முகாம் வரை கொண்டுபோய் விட்டாள். சொல்லிக்கொடுப்பவர் இருக்கையில் அவன் உட்கார்ந்துகொண்டானாம். முகாம் வாசல் வந்ததும் தன் பக்கத்து பிரேக்கைத் தானே அழுத்தி வண்டியை நிறுத்தி, "நான் ஏன் பிரேக் போட்டேன், சொல்லு பாப்போம்" என்று அவள் குரலிலேயே கேட்டுச் சிரித்தானாம். அண்ணி வாயே திறக்கவில்லை. அவன் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். இதை அவள் என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னாள். அதற்குப் பிறகு முகாம் சாலைப் பக்கம் அவள் வகுப்புக்குக்கூடப் போனதில்லை.

அந்த மழைக்காலத்திலேயே சாலையில் புதைத்திருந்த வெடி அவன் லாரியைத் தூக்கிப் போட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனும் போனான். அந்தப் பையனின் அம்மா பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருப்பவள். அண்ணியும் அவளும் அதுவரை ஜாக்கெட் அளவைத் தவிர வேறு எதுவும் பேசிக்கொண்டதில்லை. பிறகு இணைபிரியாத ஜோடியானார்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை நாடாளுமன்ற வாசலில் மற்ற தாய்மாரோடு போய் நிற்பார்கள். கையில் 'எதற்காக?' என்று ஒரே வார்த்தை எழுதிய அட்டை. டிவிக்காரன் மைக்கை நீட்டியபோது, "இது பத்துப் பைசாவுக்குப் பிரயோஜனமில்லாத சண்டை" என்று அண்ணி போட்டு உடைத்தாள். அந்த வாக்கியம் சுவரெல்லாம் ஏறியது. நான் போகாமல் அலுவலகப் போனைப் பார்த்துக்கொண்டேன். சமையலறையில் போரைத் தவிர எல்லாவற்றையும் பேசினோம்.

சின்னவன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறான். போன வருஷம் ஒரு பெண்ணைக் கூட்டிவந்து, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள், வண்டி கற்றுக்கொள்ள வேண்டுமாம் என்று என்னிடம் பெயர் பதியச் சொன்னான். சொல்லும்போது காது இரண்டும் சிவந்துபோயிருந்தது. எனக்குத் தெரியாதா? பீஸில் தள்ளுபடி கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அண்ணிக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப் போயிற்று. பதறாத கை, கேட்காமல் பேசாத வாய். பேச்சில் மட்டும் ஒரு சின்ன இழுப்பு. இவ்வளவு சீக்கிரம் தெருத் திருப்பம் பழகியவளை இதுவரை பார்த்ததில்லை என்று சாப்பிடும்போது சொன்னாள். அண்ணி ஒருவரைப் பாராட்டுவது அபூர்வம். சின்னவன் தட்டைவிட்டுத் தலையே தூக்கவில்லை.

ஒரு நாள் தபால் ஆபீஸில் இறங்கிக்கொள்ளலாம் என்று அண்ணியும் அந்தப் பெண்ணும் வகுப்புக்குப் போன வண்டியின் பின்னால் நானும் ஏறிக்கொண்டேன். பெரிய சாலையில் எதிர்ப்பக்கமாக ராணுவ லாரிகள் வரிசையாக வந்தன. அந்தப் பெண் சட்டென்று வண்டியை நிறுத்திவிட்டாள். அண்ணியின் கால் அசையவே இல்லை, நான் பார்த்தேன்.

"இப்ப பிரேக் போட்டது நீ. ஏன் போட்டே?" என்று கேட்டாள் அண்ணி.

அந்தப் பெண் லாரிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். அந்த முற்றுகை ஊர்தான் அவள் ஊர். ரொட்டி மாவு ஏற்றிவந்த லாரி திரும்பிப் போகும்போது அதில் ஏற்றி அவளையும் தங்கையையும் வெளியே கொண்டுவந்தார்கள். அதே படை பிறகு போட்ட குண்டு ஒன்று, தவறுதலாக என்று சொன்னார்கள், அவள் மாமா வீட்டின் மேல் விழுந்தது. வீட்டில் யாரும் மிஞ்சவில்லை.

"அந்த லாரியை யார் ஓட்டினாங்க?" என்று கேட்டாள் அண்ணி. பெரியவனாக இருக்காதா என்ற ஆசை அந்தக் கேள்வியில் இருந்தது. ஓர் இளவயசுப் பையன் என்று சொல்லிவிடேன் பெண்ணே, உனக்கு என்ன குறைந்துவிடும் என்றுகூட நினைத்தேன்.

"வயசானவர் மேடம். வழியெல்லாம் இருமிக்கிட்டே வந்தார்" என்றாள் அவள்.

அண்ணி தலையை ஆட்டினாள். அந்தப் பெண் பேச்சை நிறுத்தவில்லை. அண்ணியை முன்பே டிவியில் பார்த்திருக்கிறாளாம், அகதிகள் விடுதியில் வைத்து. "பத்துப் பைசாவுக்குப் பிரயோஜனமில்லைன்னு சொன்னீங்க. எனக்குக் கோபம் வரல மேடம். பிள்ளையைக் கொடுத்தவங்க வேற எப்படிப் பேசுவாங்க? ஆனா அப்ப நான் எதுல சேர்த்தின்னு மட்டும் எனக்குப் புரியல" என்றாள்.

அன்று நான் தபால் ஆபீஸுக்குப் போகவில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மாமா வீட்டுக் குண்டு என் காதில் தங்கவில்லை, எனக்கு வேண்டியது மட்டும்தான் தங்கியிருந்தது. "பாத்தீங்களா அண்ணி, அந்த லாரிங்க போகலேன்னா இந்தப் பொண்ணு ஏது?" என்றேன்.

"உனக்கு ஜெயிச்ச மாதிரி இருக்கா?" என்றாள் அண்ணி. "அவளைக் காட்டி என் பிள்ளைக் கணக்கை நேர் பண்ணப் பாக்குறியா?"

எனக்கு முகம் எரிந்தது. அவள் காந்தக் கார்களைப் பலகையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, திரும்ப அதே இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே சின்னவன் விஷயத்தை உடைத்தான். அந்தப் பெண்ணைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறானாம். பயந்துபோய் இத்தனை நாள் சொல்லவில்லையாம். சங்கடம் என்னவென்றால், அடுத்த வாரம் போரின் நினைவு நாள். இந்த வருஷம் தாய்மார் சார்பில் மேடையேறிப் பேச வேண்டியவள் அண்ணி. அந்தப் பத்துப் பைசா வாக்கியத்தைத் தையல்காரம்மா நீளத் துணியில் தைத்தே வைத்திருந்தாள். அதைச் சொன்னால் வீட்டுக்கு வரப்போகிற பெண்ணிடம், நீ பிழைத்தது பத்துப் பைசா பெறாது என்று மைக்கில் சொன்னதாகும். சொல்லாவிட்டால் பெரியவனைக் கைவிட்டதாகும்.

"நீ என்ன வேணா பேசும்மா, நான் தடுக்க மாட்டேன். அவ முன்னாடி நிப்பா, அவளைப் பாத்துப் பேசு" என்றான் சின்னவன். அவனும் அண்ணன் பிள்ளைதானே, பூசி மெழுகத் தெரியாது.

அந்த வாரம் முழுக்க அண்ணி சரியாகச் சாப்பிடவில்லை. வகுப்பில் தேவையில்லாத இடத்திலெல்லாம் பிரேக்கை அழுத்தினாள். ஏன் போட்டீர்கள் என்று ஒரு மாணவன் திருப்பிக் கேட்டுவிட்டான், அவளுக்கே பதில் தெரியவில்லை.

நினைவு நாளில் அந்தப் பெண்தான் வண்டி ஓட்டினாள், அண்ணி பக்கத்தில். நானும் சின்னவனும் பின்னால். வாழ்க்கையில் முதல் முறையாக நான் அந்த நாடாளுமன்ற வாசலுக்குப் போனேன். மேடை என்றால் நான்கு பலகை, ஒரு மைக். பின்னால் தையல்காரம்மாவின் துணி கட்டியிருந்தது. அண்ணி கூட்டத்தில் அந்தப் பெண்ணின் முகத்தைத் தேடி, கிடைத்ததும் பேச ஆரம்பித்தாள்.

"பத்துப் பைசாவுக்குப் பிரயோஜனமில்லைன்னு சொன்னது நான்தான். இன்னைக்கு அதைச் சொல்ல மாட்டேன். அந்த ஊர்லேர்ந்து உசிரோட வந்த ஒரு பொண்ணு என் வண்டியில ஓட்டப் பழகுறா. அவளைப் பாத்துக்கிட்டு அந்த வார்த்தை வரமாட்டேங்குது. பிரயோஜனம் இருந்துச்சுன்னும் என் வாயில வராது. என் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துட்டு வந்து கேளுங்க, அப்ப நிதானமா யோசிச்சுச் சொல்றேன். ஊர் தொறந்ததும் ஏன் திரும்பி வரல? அப்புறம் போட்ட குண்டெல்லாம் எதுக்கு? அனுப்பினவங்கதான் சொல்லணும். அவங்க சொல்ற வரைக்கும் நான் இங்க வந்து நிப்பேன்."

யாரும் கைதட்டவில்லை. டிவிக்காரன் தன் சகாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். தையல்காரம்மா துணியை அவிழ்த்து நிதானமாக மடித்தாள். அண்ணி கிட்டே போனதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"உனக்கு மருமக கெடைச்சுட்டா. எனக்கு?" என்றாள்.

தையல்காரம்மா மடித்த துணியோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போய்விட்டாள். வண்டியில் வரச் சொல்லக்கூட எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. அதற்கப்புறம் அவள் அண்ணியிடம் பேசியதே இல்லை. வாசலில் நிற்கும்போதுகூட இரண்டு பேர் தள்ளித்தான் நிற்கிறாள்.

திரும்பும்போது கூட்டத்துக்காகப் பெரிய சாலையை அடைத்திருந்தார்கள். போலீஸ்காரர் கையைக் காட்டிய பக்கம் திரும்பினாள் அந்தப் பெண். அது முகாம் சாலை. அவளுக்குத் தெரியாது. எனக்கும் சின்னவனுக்கும் தெரியும். முகாம் வாசல் வந்ததும் வண்டி நின்றது. அழுத்தியது அண்ணியின் கால்.

அந்தப் பெண் சாலையைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள். குறுக்கே யாரும் இல்லை.

"ஏன் பிரேக் போட்டீங்க?" என்று கேட்டாள். அதில் கிண்டல் இல்லை. அந்த வண்டியில் அதுதான் சட்டம்.

பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. அண்ணி வாசலில் நின்ற காவலாளியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"பெரியவன் இங்கதான் பிரேக் போட்டான். ஏன்னு என்னைக் கேட்டான். இறங்கணும்னு போட்டான், எனக்குத் தெரியாதா? சொன்னா இறங்கிடுவானேன்னு சொல்லல. சொல்லாமயும் இறங்கிட்டான்."

சின்னவன் முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டான். வேன்காரன் இன்னொரு முறை அடித்துவிட்டு, திட்டிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனான்.

"நீ பொழைச்சு வந்தது எனக்குச் சந்தோஷம்தான்" என்றாள் அண்ணி, இப்போது அவள் பக்கம் திரும்பி. "அவனுக்குப் பதிலா வந்தவள்னு மட்டும் யாரும் சொல்லக் கூடாது. நீயும் நெனைக்கக் கூடாது."

அதுவரை மேடம் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், "நெனைக்க மாட்டேன் அத்தை" என்றாள்.

அண்ணி காலை எடுத்துக்கொண்டாள்.

"கண்ணாடியைப் பாத்துட்டு எடு" என்றாள்.