சம்பங்கிக் கிழங்கு பிரித்த அன்று

எழுபதுகளில், உத்திரமேரூர் பக்கத்தில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் நான்கு மருமகள்கள், ஒரே அடுப்பு. ஒருத்தியிடம் சிரித்துப் பேசினால் இன்னொருத்திக்கு ஆகாது. தனியாக உட்கார்ந்து அழ ஒரு மூலைகூடக் கிடையாது.

ஒருநாள், கொல்லையில் பூக்காமல் நின்றுபோன சம்பங்கியைத் தோண்டி எறியப் போனேன். மாமியார் தடுத்தார்.

“ஒரே குழியில நெருக்கிக்கினு கீது, எப்பிடிப் பூக்கும்? கிழங்கைப் பிரிச்சித் தனித்தனியா வை.”

இத்தனை வருஷம் அடக்கிவைத்தது வெடித்துவிட்டது. “எங்களையும் அப்பிடித் தனியா வையுங்களேன், அத்தே!”

அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவரோ என் பக்கத்தில் குந்தி, கிழங்குகளைப் பிரித்தபடியே கிசுகிசுத்தார்: “போறப்ப என்னியும் இட்டுக்கினு போடி. எனக்கும் மூச்சு முட்டுது.”

அந்த வீட்டின் பூட்டே அவர்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.