நடு ஆற்றில் நின்ற முன்சக்கரம்

எங்கள் ஜீப்பில் கியருக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி லிவர் உண்டு. அதைப் போட்டால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்லாத ஆள் ஊரில் இல்லை. ஆம்பூர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிற மனிதருக்கு ஜீப் எதற்கு என்று கேட்டேன். "மண்ணு, சேறு, பனி, எதுலயும் நிக்காதும்மா" என்றார். ஆம்பூரில் பனி எங்கே கொட்டிக்கிடக்கிறது என்று நான் கேட்கவில்லை. பனிக்குள் யாரோ வண்டி ஓட்டுகிற வீடியோவைப் பார்த்துக்கொண்டே சோறு சாப்பிடுகிறவரிடம் என்னத்தைக் கேட்பது?

விருந்தாளி வந்தால், நான் காப்பி கொண்டுவருவதற்குள் அவரை வண்டிக்கு அடியில் குனிய வைத்துவிடுவார். "இந்த ஷாஃப்ட் பின்வீலுக்குப் போவுது. அது முன்வீலுக்கு. பாத்தீங்களா?" வந்தவரும் அந்த இரும்புத் தண்டுகளைப் பார்த்துத் தலையாட்டுவார். கேட்டுக் கேட்டு எனக்கே பாடமாகிவிட்டது. பிறகு ஏனோ யாரையும் குனியச் சொல்வதை நிறுத்திவிட்டார். அலுத்துவிட்டது போலிருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன்.

எங்கள் ஊர் பாலாற்றுக்கு இந்தப் பக்கம், ஹைவே அந்தப் பக்கம். வெள்ளத்தில் தரைப்பாலம் அடித்துக்கொண்டு போனது. வெள்ளம் வடிந்த பிறகு வெறும் மணல்தான். சுற்றிப் போக நேரமாகும் என்று டிராக்டர்காரர்கள் மணலிலேயே தடம் போட்டிருந்தார்கள்.

என் கொழுந்தன் மனைவிக்கு அது இரண்டாவது பிரசவம். முதல் பிரசவம் அரக்கோணத்தில் அவள் அம்மா வீட்டில் ஆனதால் இது எங்கள் வீட்டில். கொழுந்தன் ராணிப்பேட்டையில் வேலைக்குப் போயிருந்தான். சொன்ன தேதிக்கு முன்பே, ஒரு காலையில் பனிக்குடம் உடைந்தது. தண்ணீர் பச்சையாக இருந்தது. நான் வேலூரில் நர்ஸ். பச்சை என்றால் குழந்தை உள்ளேயே மலம் கழித்துவிட்டது என்று அர்த்தம். அது மூச்சுக்குள் போய்விட்டால் பிழைப்பது கஷ்டம். உறிஞ்சி எடுக்கிற கருவியும் ஆக்ஸிஜனும் உடனே வேண்டும். வீட்டில் என் இரண்டு கைதான் இருந்தது.

நான் போன் போட்டுக் கூப்பிட்ட ஆம்புலன்ஸ் ஹைவேயில்தான் வந்துகொண்டிருந்தது. "சுத்திக்கினு வர வேணாம், அக்கரையிலயே நிக்கச் சொல்லு. நான் கொண்டாந்து விட்டுர்றேன். ஃபோர் வீல் எதுக்கு இருக்குது?" என்றார் வீட்டுக்காரர்.

அவளைப் பின்சீட்டில் சாய்த்து, நான் காலடியில் உட்கார்ந்துகொண்டேன். மணலில் இறங்கும்போதே அவர் குட்டி லிவரை இழுத்துப் போட்டார். பாதி ஆறு நன்றாகத்தான் போனது. அதற்கப்புறம் இன்ஜின் கத்தியதே தவிர வண்டி நகரவில்லை. மிதிக்க மிதிக்கப் பின்பக்கம் இறங்கிக்கொண்டே போனது.

நான் குதித்து இறங்கிப் பார்த்தேன். பின்சக்கரங்கள் மணலை வாரி இறைத்தன. முன்சக்கரம் அசையவே இல்லை.

"ஏங்க, முன்வீல் சுத்தல."

"சுத்தும்மா. லிவர் போட்டுத்தான் இருக்கேன்."

"நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டு அடியில் குனிந்தேன். பின்னால் போகிற ஷாஃப்ட் இருந்தது. முன்னால் போக வேண்டியது இல்லை. அந்த இடம் காலியாக இருந்தது. வார்டில் எத்தனையோ பார்த்தவள் நான். அன்றைக்கு மணலில் மண்டி போட்டபடி அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முன்னாடி ஷாஃப்ட் எங்க?"

அவர் இறங்கி வந்தார். "கழட்டி வெச்சிருக்கேன்" என்றார். "டீசல் ஜாஸ்தி குடிக்குதுன்னு மெக்கானிக்கிட்ட சொன்னேன். சும்மா சுத்தற ஷாஃப்ட்தானே, எல்லாரும் கழட்டித்தான் ஓட்றாங்கன்னாரு. எங்கியும் போவல. பரண்ல கோணி சுத்தி வெச்சிருக்கேன்."

"அப்புறம் எதுக்கு லிவரப் போட்டீங்க?"

"போட்டா போவும்னுதான்..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் முகமும் வெளிறிப்போயிருந்தது. கழற்றியதே மனிதருக்கு மறந்துபோயிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அங்கேயே அறைந்திருப்பேன். உள்ளேயிருந்து அவள், "அக்கா, முடியல" என்றாள்.

"டயர்ல காத்த கொஞ்சம் எறக்கினா ஏறிடும்" என்று சக்கரத்தின் பக்கத்தில் உட்காரப் போனார். அதற்கெல்லாம் நேரமில்லை. புடவைத் தலைப்பை உயர்த்தி அக்கரையைப் பார்த்து ஆட்டினேன். ஆம்புலன்ஸில் இருந்த இருவரும் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். மணலில் ஓட்டம் எங்கே வருகிறது, கணுக்கால் வரை புதைந்தது. நாலு பேருமாக அவளைத் தூக்கிக்கொண்டு போனோம். ஒவ்வொரு வலிக்கும் அவள் என் கையைப் பிடித்து நசுக்கினாள்.

ஆம்புலன்ஸில் ஏற்றியதும் குழந்தை வந்துவிட்டது. பெண். அழவில்லை. உடம்பெல்லாம் நீலம். வாயிலும் மூக்கிலும் உறிஞ்சி எடுத்து, ஆக்ஸிஜன் கொடுத்து, முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் குழந்தையை நேராக உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமே என்று டாக்டர் கேட்டார்.

சாயங்காலம் அவள் அம்மா அரக்கோணத்திலிருந்து ரயிலேறி வந்து சேர்ந்தார்கள். குழந்தையின் மூக்கில் இன்னும் குழாய் இருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்து அழுதுவிட்டு, என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வண்டி மட்டும் இல்லன்னா இன்னா ஆயிருக்கும்" என்றார்கள். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். உண்மையைச் சொல்லிவிட்டால் போதும், பாதிக் கோபம் போய்விடும் என்றிருந்தது.

"மண்ணு ரொம்ப லூசு அத்தை" என்றார். "ஃபோர் வீலா இருக்கவே நடு ஆறு வரைக்காச்சும் வந்துச்சு."

அவர் முகத்தையே பார்த்தேன். பொய் சொல்கிற முகமாக இருந்தால் தெரியும், இத்தனை வருஷம் கூட வாழ்கிறேன். அப்படி இல்லை. மனதார நம்பித்தான் சொன்னார். ஆற்றில் குனிந்து பார்த்தபோதுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை.

குழந்தை பிழைத்துக்கொண்டது. இப்போது நடக்கிறாள். ஷாஃப்டைத் திரும்ப மாட்டிவிட்டதாகச் சொல்கிறார். மாட்டியிருக்கலாம். நான் வேலைக்கு பஸ்ஸில்தான் போகிறேன்.