நாலடி ஓடிய கரி இன்ஜின்

நான் நாலாவது படிக்கும்போது எங்கள் தெருவுக்கு எதிரே இருந்த கம்பெனியில் ஒரு கரி இன்ஜினைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஓசூரில் கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை. வாசலில் ரயில் இன்ஜின் நிற்கிற கம்பெனி மட்டும் இல்லை. முதலாளி அதற்காகவே வாங்கினார் என்று பேசிக்கொண்டார்கள்.

நீளமான டிரெய்லரில் வந்தது. பெங்களூர் ரோட்டில் அரை நாள் பஸ் நகரவில்லை. முன்பு ஏதோ யார்டில் சரக்குப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டிருந்த இன்ஜினாம். டீசல் வந்த பிறகு ஓரங்கட்டி விட்டார்கள். பல வருஷம் மழையில் கிடந்து, புகைக்கூண்டுக்குள் ஒரு வேப்பங்கன்று முளைத்திருந்தது.

அப்பா வெல்டர். ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். காண்ட்ராக்ட் வேலைதான். இன்ஜினைச் சுரண்டி, ஓட்டை அடைத்து, பெயிண்ட் அடித்துத் தரும் வேலை அவருக்கு வந்தது. ஆயுத பூஜைக்குள் நல்லபடியாக முடித்தால் மெயின்டனன்ஸில் பர்மனென்ட் போட்டுத் தருகிறேன் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அம்மா அதை ரேஷன் கடை வரிசை வரைக்கும் சொல்லிவிட்டாள்.

காலாண்டு லீவில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோவது நான்தான். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை இன்ஜினுக்குள் ஏறி நிற்பேன். தரைத் தகட்டில் இரண்டு இடம் குழிந்து தேய்ந்திருந்தது. கரி போடுகிறவர் நின்ற இடம் என்றார் அப்பா. என் இரண்டு காலும் ஒரே குழிக்குள் அடங்கியது. இரும்பு தேய எத்தனை நாள் நிற்க வேண்டும் என்று கேட்டேன். 

கூரைக்குக் கீழே ஆணியால் கீறிய எழுத்து இருந்தது. வாட்ச்மேனுக்குத் தெலுங்கு படிக்க வரும். ஏறிப் பார்த்து, பொம்பளைப் பேரு என்று சிரித்துக்கொண்டு இறங்கினார். யாருடைய பெண்டாட்டியோ, மகளோ. அப்பா அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் அடிக்கவில்லை.

அடுப்பில் சாம்பல் அப்படியே கிடந்தது. எத்தனை வருஷத்துச் சாம்பலோ. பாத்திரம் தேய்க்க ஆகும் என்று ஒரு பக்கெட் நிறைய வீட்டுக்குத் தூக்கிப் போனேன். எவர்சில்வர் குடம் முழுக்கக் கீறல் விழுந்தது. அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மேனேஜர் சொன்ன வேலையில் கிரீஸ் போடுவது கிடையாது. அப்பா போட்டார். சக்கரம் ஒவ்வொன்றுக்கும் மண்ணெண்ணெய் ஊற்றி, ஊற வைத்து, துருவை எடுத்து, கிரீஸை அடைத்தார். அதற்கே ஒரு வாரம் போயிற்று. ஒரு நாள் பாரம் இழுக்கிற செயின் பிளாக்கை மாட்டி இழுத்தார். சக்கரம் விரல் அகலம் நகர்ந்தது. பிறகு கட்டையை வைத்து முட்டுக் கொடுத்துவிட்டார்.

"இது ஓடுமாப்பா?" என்றேன்.

"ஓடறது வேற. உருளும்."

இன்ஜின் நின்ற தண்டவாளம் பஸ் நீளம்கூட இருக்காது. மழைத் தண்ணீர் வடிய லேசான சரிவு வைத்திருந்தார்கள். அதனால் சக்கரத்தைத் தண்டவாளத்தோடு சேர்த்துப் பத்த வைத்துவிட வேண்டும் என்பது மேனேஜர் உத்தரவு. அதைத் தவிர எல்லாம் நடந்தது. தண்டவாளத்தின் இரண்டு முனையிலும் கனமான இரும்பைத் தடுப்பாகப் பத்த வைத்தார். சக்கரத்துக்கு எப்போது என்று நான் கேட்கும்போதெல்லாம் நாளைக்கு என்றார்.

ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். அம்மா புதுப் புடவை கட்டினாள். இன்ஜினுக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, சாமந்தி மாலை. அதன் மூக்குக்கு நேராக முதலாளி பெயர் போட்ட கருங்கல் ஒன்று புதிதாக நின்றது. முந்தின நாள் சாயங்காலம் வேறு ஆள் வந்து நட்டுவிட்டுப் போயிருந்தான். அப்பா அந்தக் கல்லையும் இன்ஜின் மூக்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

பூசாரி காலையிலிருந்து லாரிகளுக்கும் வேன்களுக்கும் பூஜை போட்டுக்கொண்டு வந்தவர். அதே கையோடு இன்ஜின் சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டார். கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, வண்டியை எடுங்க என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டிரைவர் லீவுல போயிட்டாரு சாமி என்று ஒருவன் சொன்னான். மேனேஜர், பழத்தைக் கையால் நசுக்கிவிடுங்கள் என்றார். பூசாரி ஒத்துக்கொள்ளவில்லை.

"சக்கரத்துக்கு வெச்சத சக்கரந்தான் நசுக்கணும். எடுத்தா வருசம் பூரா கம்பெனிக்கு ஆகாது."

முதலாளி முகத்தில் சிரிப்பு போய்விட்டது. தள்ளிப் பார்க்கலாமா என்று கேட்டார். மேனேஜர் அப்பா பக்கம் திரும்பினார்.

"பத்த வெச்சாச்சுதானே மேஸ்திரி?"

ஆச்சு என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். மேனேஜரும் அதைத்தான் எதிர்பார்த்தார். அம்மா என் தோளைப் பிடித்திருந்தாள். பிடி இறுகியது.

"இல்லைங்க சார்," என்றார் அப்பா.

அவரே குனிந்து சுத்தியலால் முட்டுக்கட்டைகளைத் தட்டி எடுத்தார். புது யூனிபார்மில் ஐம்பது பேருக்கு மேல் பின்னால் போய்க் கை வைத்தார்கள். கன்னடத்தில் ஒருவன் ஏதோ கத்த, தமிழ் ஆட்கள் ஐலசா போட்டார்கள். முதல் தள்ளில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் கிறீச்சென்று ஒரு சத்தம். சக்கரங்களைச் சேர்த்திருந்த நீளமான இரும்புத் தண்டு மெதுவாக மேலே எழுந்தது. பிறகு முன்னால் போயிற்று. பழம் எல்லாம் சப்பென்று நசுங்கியது. எனக்கு அந்தத் தண்டைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. அது அப்படி எழும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

தள்ளியவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். இன்ஜின் நிற்கவில்லை. சரிவில் தானாகப் போய், அப்பா வைத்த தடுப்பில் முட்டி நின்றது. தடுப்பு தாங்கியது. ஆனால் இன்ஜினின் மூக்கு சக்கரத்தைவிட முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அது கருங்கல்லை இடித்துவிட்டது. முதலாளி பெயர் நடுவில் இரண்டாகப் பிளந்தது.

முதலாளி காரில் ஏறிப் போய்விட்டார். மேனேஜர் அப்பாவைத் தனியாகக் கூப்பிடவில்லை. அங்கேயே சொன்னார்.

"நாளைக்கு வந்து பத்த வெச்சிட்டுப் போ. அப்புறம் இந்தப் பக்கம் வேணாம்."

அப்பா தலையாட்டினார். குனிந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் மறுபடி கட்டையை வைத்து முட்டுக் கொடுத்தார். பொரியும் ஸ்வீட் பாக்ஸும் எங்களுக்கும் கொடுத்தார்கள். அம்மா வாங்கவில்லை. நான் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மா சோறு போட்டாள். தட்டை வைத்த சத்தத்திலேயே எல்லாம் தெரிந்தது.

"ஆச்சுன்னு ஒரு வார்த்த சொன்னா வாயா வலிக்கும்? பதினஞ்சு நாளா ஏன் பத்த வெக்கல?"

"மறந்துட்டன்," என்றார் அப்பா.

நான் நம்பினேன். லீவு முடிந்து பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேட்டபோதும் அப்படியே சொன்னேன். எங்கப்பா மறந்துட்டாரு, அதனாலதான் பர்மனென்ட் போச்சு என்று.

ஆயுத பூஜை அன்று மதியம் அவர் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். குழம்பு நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். வேலை போனால் ஆளுக்குப் பசி அதிகமாக எடுக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன்.