ஏழாம் எண்ணில் இருந்த பெயர்

இன்று காலை தணிக்கைக்காக நூற்றுச் சொச்சம் பக்கங்கள் அச்சடிக்க வேண்டியிருந்தது. ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் எனக்கு வேலை. பிரிண்டரிலிருந்து சுடச்சுட வந்த தாள்களை அடுக்கும்போது அந்த வாசனை வந்தது. சூடான காகிதமும் மையும் கலந்தது. பழைய நாட்களைக் கிளப்ப அவரவருக்குத் தாழம்பூ, சாம்பிராணி என்று ஏதாவது இருக்கும். எனக்கு வாய்த்தது ஜெராக்ஸ். அது மூக்கில் ஏறினால் கண் தானாகத் தாளில் காற்புள்ளிகளைத் தேடும்.

அப்போது நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளர். பகுதி நேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து, நீட்டிப்பு மேல் நீட்டிப்பு வாங்கி, கடைசி நீட்டிப்பின் கடைசி வாரத்தில் நின்றேன். அந்த வெள்ளிக்கிழமைக்குள் இரண்டாவது ஆய்வுக் கட்டுரைக்கான ஏற்புக் கடிதத்தைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. ஏழு வருட உழைப்பு. கார் தகடுகளில் போடும் ஸ்பாட் வெல்டிங் எப்போது விட்டுப்போகும் என்பதுதான் என் ஆராய்ச்சி. நானே எப்போது விட்டுப்போவேன் என்பது அதில் இல்லை.

செவ்வாய்க்கிழமை ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல் வந்தது. கட்டுரை சரியாக இருக்கிறதாம். மேற்கோள் பட்டியல் மட்டும் அவர்கள் முறைப்படி இல்லையாம். அறுபத்து மூன்று மேற்கோள்களையும் திருத்தி அனுப்பினால் உடனே ஏற்புக் கடிதம். படித்துவிட்டுச் சிரித்தேன், எவ்வளவு சின்ன வேலை என்று. என் வாழ்க்கையில் நான் தவறாகச் சிரித்த இடங்களில் அது முக்கியமானது.

மறுநாள் கல்லூரியில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. கோப்பைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு சுங்குவார்சத்திரத்துக்கு ஓடினேன். பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் செல்வி அக்கா என்பவர் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். மூன்று கணினி, ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு இன்வெர்ட்டர். கம்பெனிகளுக்கு வேலை கேட்டு வருகிறவர்களுக்குப் பயோடேட்டா அடித்துக் கொடுப்பதுதான் அங்கே பெரும்பாலும் வேலை. வருகிறவர் வயதை, ஊரை, முன்பு பார்த்த வேலையைக் கம்பெனிக்கு ஏற்ற மாதிரி தட்டிச் சரிசெய்வதில் அக்கா கெட்டிக்காரர். வாசலுக்கு அந்தப் பக்கம் போண்டா வேகும் எண்ணெய், இந்தப் பக்கம் ஜெராக்ஸ் சூடு.

மேற்கோள் பட்டியல் திருத்துவது அரிசியில் கல் பொறுக்குகிற வேலை. இதழின் பெயர் சாய்வெழுத்தில், தொகுதி எண் தடித்த எழுத்தில், பக்க எண்களுக்கு நடுவே குட்டைக் கோடு கூடாது, நெட்டைக் கோடு வேண்டும். ஒரு புள்ளி தவறினால் முதலிலிருந்து திரும்பவும். என் பதற்றத்தைப் பார்த்த அக்கா, வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். பொறியியல் தெரியாவிட்டாலும் புள்ளி தெரியுமே.

"இன்னாம்மா இது, எல்லாத்துக்கும் அப்பா பேரு முழுசா கீது, புள்ள பேரு ஒத்த எழுத்துல கீது?"

"அவங்க முறை அப்டிக்கா. குடும்பப் பேரு முன்னாடி வரணும்."

"நமக்கு ஏது குடும்பப் பேரு? இன்ஷியலு தான்."

இன்ஷியல்தான் என் கழுத்தில் கிடந்த கத்தி. முதல் கட்டுரை வந்தபோது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள், அப்பா பெயரைக் கொடுத்தேன். 'ஏகாம்பரம் கே.' என்று அச்சானது. கல்யாணத்துக்குப் பிறகு சான்றிதழ்களில் இன்ஷியல் மாறியது. இரண்டாவது கட்டுரை 'கருணாகரன் கே.' என்று போனது. கருணாகரன் என் வீட்டுக்காரர், கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். இரண்டு இடத்திலும் நான் வெறும் 'கே'. இப்போது எழுதும் இதிலும் என் பெயரைச் சொல்லவில்லை, கவனித்தீர்களா? பழக்கதோஷம்தான்.

பல்கலைக்கழக ஆய்வுப் பிரிவின் எழுத்தர் முந்தைய மாதமே, அச்சான முதல் கட்டுரையையும் நான் அனுப்பியிருந்த இரண்டாவதையும் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டிருந்தார். "ரெண்டும் ஆம்பள பேரு. உங்க பேரு எங்க மேடம்?" விளக்கினேன். நல்ல மனுஷர், வழியும் சொன்னார். "ரெண்டாவது பேப்பர்ல மொத பேப்பரும் உங்களோடதுன்னு தெரியற மாதிரி ஏதாவது இருந்தா போதும், நா பாத்துக்கறேன்."

முதல் கட்டுரை, பட்டியலில் ஏழாம் எண். ஏகாம்பரம் கே. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதை வைத்து நானும் ஏகாம்பரமும் ஒரே ஆள் என்று யாருக்குத் தெரியும்? அழுகையே வந்துவிட்டது. செல்வி அக்காவிடம் சொன்னேன்.

அவர் தன் தொழில் முறைப்படி யோசித்தார். "ரெண்டுத்தையும் ஒரே பேரா போட்டுடேன். எவன் போய்ப் பாக்கப் போறான்?"

அவரைக் குறை சொல்லமாட்டேன். விசைப்பலகையில் இருந்தது என் கை. ஏகாம்பரத்தை அழித்துக் கருணாகரனைப் போட்டேன். இப்போது கட்டுரையை எழுதியவரும் கருணாகரன், ஏழாம் எண்ணும் கருணாகரன். சூடாக வந்த தாளைப் பார்த்தபோது, பொய் சொன்னதாகவே தோன்றவில்லை. என்னைத்தானே என்னோடு சேர்த்துவைத்தேன்? சாயங்காலத்துக்குள் அனுப்பிவிட்டு ஆளுக்கொரு போண்டா சாப்பிட்டோம்.

வெள்ளிக்கிழமை காலை பதில் வந்தது. 'அன்புள்ள திரு. கருணாகரன்' என்று ஆரம்பித்தது. ஏழாம் மேற்கோள் பதிவுகளோடு ஒத்துப்போகவில்லை, அந்தப் பெயரில் அப்படியொரு கட்டுரையே இல்லை, விளக்கம் தரவும், ஆசிரியர் குழு பார்த்து முடிவு சொல்ல இரண்டு மூன்று வாரம் ஆகும் என்று எழுதியிருந்தார்கள்.  விளக்கத்தை அப்போதே அனுப்பிவிட்டு, அந்த மின்னஞ்சலையே அச்செடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் பஸ் ஏறினேன். பூந்தமல்லி நெரிசலில் வண்டி நின்றபோது இறங்கி ஓடலாமா என்றுகூட யோசித்தேன். எங்கே ஓடுவது, நடந்தால் இன்னும் அரை நாள் தூரம்.

எழுத்தர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "ஏத்துக்கினாங்கன்னு ஒரு வார்த்த இதுல இல்லியே மேடம்." கெஞ்சினேன். அவர் முன்னால் கைகூப்பி நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கோப்பைக் கட்டினார். ஐந்து மணிக்கு ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். என் ஏழு வருடத்தையும் ஒரு சிவப்பு நாடாவில் கட்டி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

'எங்களுடைய முந்தைய ஆய்வில்' என்று கட்டுரைக்குள் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் அது உறைத்தது. மூன்று வாரம் கழித்து ஏற்புக் கடிதம் வந்தது, திரு. கருணாகரனுக்கு வாழ்த்துகளோடு. இன்று வெல்டிங் பற்றி எழுதுகிறவர்கள் அவரை மேற்கோள் காட்டுகிறார்கள். அவர் பஸ்ஸைத் தவிர வேறெதையும் அறியார், பாவம்.

கல்லூரியும் மாணவர் சேராமல் மூடிப்போனது. இப்போது அது தொழிற்சாலைப் பெண்களுக்கான விடுதி, எங்கள் ஆய்வகத்தில் இரண்டடுக்குக் கட்டில்கள். செல்வி அக்காவின் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை.

பதிவு ரத்தானதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை குன்றத்தூருக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனி வாசலில் அப்போது செக்யூரிட்டியாக இருந்தார். ஆராய்ச்சி என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. கடைசிவரை கேட்டுக்கொண்டார்.

"பேர மாத்தனதுக்கா தள்ளுபடி பண்ணாங்க?"

"ஆமாப்பா."

"எம்பேரையா எடுத்த?"

"ஆமா."

அப்பா எழுந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு டூட்டிக்குக் கிளம்பினார். அதுவரை, போனை எடுத்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "பேப்பர் இன்னாமா ஆச்சு?" என்பதுதான். 'சாப்டியா'கூட அதற்குப் பிறகுதான். இப்போதும் தினமும் பேசுகிறார். சாப்பிட்டாயா என்கிறார், பிள்ளைகளைக் கேட்கிறார், மாப்பிள்ளைக்கு எந்த ஷிப்டு என்கிறார். பட்டம் இல்லாமல் இருக்க நான் பழகிவிட்டேன். அந்தக் கேள்வி இல்லாமல் அவரிடம் பேச இன்னும் பழகவில்லை.