தொண்ணூற்று மூன்று டிகிரி

ஒன்பதாம் வகுப்பில் என்னைப் படுத்தி எடுத்தது ரசாயனப் பாடம் அல்ல. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பழனிக்காரி. அவள் அப்பாவுக்கு அடிவாரத்தில் பூசைச் சாமான் கடை. எங்களுக்கு மலைமேல் மன்னவனூரில் பூண்டும் உருளைக்கிழங்கும். இருவரும் கொடைக்கானலில் ஒரே விடுதியில் தங்கிப் படித்தோம். நான் வாரக்கணக்கில் உருப்போட்ட வேலன்சியை அவள் ஒரு தடவை கேட்டே புரிந்துகொண்டாள். எனக்கு வயிறு எரிந்தது.

ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வரும்போது வகுப்பிலேயே சிறந்த சோதனை நோட்டு ஒன்றை அவர் மேஜையில் வைக்கப்போவதாக டீச்சர் சொல்லியிருந்தார். அது என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று பென்சிலைச் சீவிச் சீவிப் படம் வரைந்தேன்.

தண்ணீரின் கொதிநிலை பார்க்கும் நாள் வந்தது. புத்தகத்தில் நூறு டிகிரி என்று இருந்தது. எங்கள் இருவருக்கும் ஒரே பீக்கர், ஒரே தெர்மாமீட்டர். தண்ணீர் தளதளவென்று கொதித்தும் பாதரசம் தொண்ணூற்று மூன்றைத் தாண்டவில்லை. தெர்மாமீட்டர் கெட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்டி, நான் நூறு என்று எழுதினேன். ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் தொண்ணூற்று மூன்று என்று எழுதிக்கொண்டிருந்தாள். தப்பு என்று சொல்லியிருக்கலாம். மாட்டட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் டீச்சர், "நூறுன்னு எழுதுனவங்க எந்திரிங்க" என்றார். பாராட்டத்தான் என்று நினைத்து முதல் ஆளாக எழுந்தேன். அவளைத் தவிர வகுப்பே எழுந்தது.

"தெர்மாமீட்டர்ல நூறைக் கண்ணால பாத்தது யாரு?"

டீச்சர் அவள் பக்கம் திரும்பி, "நீ மட்டும் எப்பிடி மாத்தாம எழுதுன?" என்று கேட்டார்.

"இவ சொன்னதை வச்சுத்தான் டீச்சர்," என்று என்னைக் காட்டினாள். "இவங்க ஊர்ல வெள்ளனே அடுப்புல வச்ச பருப்பு உச்சிப்பொழுது வரைக்கும் வேகாதாம். எங்க பழனியில வெரசா வெந்துரும். மலையில தண்ணி சூடு பத்தாமலே கொதிச்சுருதோன்னு தோணுச்சு."

பருப்பு வேகாவிட்டால் அம்மா ஈர விறகைத் திட்டுவாள். கூடச் சேர்ந்து நானும் திட்டியிருக்கிறேன்.

அவள் நோட்டு இன்ஸ்பெக்டர் மேஜைக்குப் போனது. எல்லாம் தன் மூளை என்று அவள் பீற்றியிருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை, பாவி.